வலது பக்க வளைவு

சார், மணி என்ன ஆச்சு? பதினொண்ணு பத்தா? சரி சார். அவசரம் ஒண்ணும் இல்ல, சும்மாதான் கேட்டேன். இங்க உக்காரலாமா? யாராவது வர்றாங்களா? இல்லன்னா உக்காந்துக்கறேன்.

டெஸ்ட்டுக்கா வந்தீங்க? ஓ, பொண்ணுக்கா. அந்தப் பச்சைச் சுடிதாரா? நம்பர் என்ன? முப்பத்தொண்ணா? எனக்கு முப்பத்தாறு. அதுக்குப் பயமே இல்ல பாருங்க, நிம்மதியா நின்னு போன் பார்த்துக்கிட்டு இருக்கு. எனக்கு விடியக்காலையில இருந்து வயிறு சரியில்ல. வந்ததுல இருந்து மூணு தடவை போயிட்டு வந்துட்டேன். இந்த ஆர்டிஓ ஆபீஸ்ல கக்கூஸ் எங்க இருக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

ஆமா சார், லைசென்ஸுக்குத்தான். டூவீலர். நாப்பத்தாறு வயசுல. இது மூணாவது வாட்டி. ரெண்டு வாட்டி பெயில். எட்டு போடச் சொல்றாங்கல்ல, அதுல. சிரிங்க, பரவாயில்ல. நான் யாருன்னு சொன்னா இன்னும் சிரிப்பீங்க.

நான் பதினெட்டு வருஷம் மரணக் கிணத்துல பைக் ஓட்டினவன் சார்.

பார்த்திருப்பீங்க. பொருட்காட்சியில, திருவிழாவுல, ராட்டினத்துக்குப் பக்கத்துல பலகையாலயே வட்டமா கிணறு கட்டியிருப்பாங்க. இருபத்தஞ்சு அடி உசரம். ஜனங்க படியேறி மேல போய் சுத்தி நின்னு உள்ள எட்டிப் பார்ப்பாங்க. உள்ள செவுத்துல, தரையில இல்ல சார், செவுத்துல, பைக் படுத்த வாக்குல சுத்தும். அந்த பைக்ல கையை விட்டுட்டு, ஒரு காலைத் தூக்கி டேங்க் மேல போட்டுக்கிட்டு, மேல நிக்கிறவன் நீட்டுற பத்து ரூபாயைப் பல்லால கவ்விக்கிட்டுப் போவான் பாருங்க ஒருத்தன், அது நான்தான். ராக்கெட் ரத்தினம். வெளிய போர்டுல என் படம் வரைஞ்சிருப்பாங்க. மூஞ்சி என்னோடது, மீசை வேற யாரோடதோ.

பதினெட்டு வருஷத்துல லைசென்ஸ்னு ஒண்ணு எடுக்கவே இல்ல. கிணத்துக்குள்ள எந்தப் போலீஸ்காரன் வந்து மறிக்கப் போறான்? ரோட்டுல ஓட்டினதும் இல்ல. ஒரு ஊர் முடிஞ்சா பலகையை எல்லாம் கழட்டி லாரியில ஏத்துவாங்க, பைக்கும் அதுலயே ஏறும், நாங்களும் அதுலயே ஏறிப் படுத்துக்குவோம். அடுத்த ஊர்ல இறங்கினா மறுபடியும் கிணறு. ஆக மொத்தம் எனக்கு ரோடுன்னா லாரி மேல படுத்துக்கிட்டு பார்த்ததுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எட்டுல ரெண்டு வளைவு இருக்கு. ஒண்ணு இடது பக்கம், ஒண்ணு வலது பக்கம். இடது வளைவை நான் கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டுவேன். வலது பக்கம் வந்தா முடிஞ்சுது. கை வர மாட்டேங்குது. காலை ஊணிடறேன். காலை ஊணினா பெயில்.

ஏன்னு கேளுங்க. கிணத்துல எப்பவும் ஒரே பக்கமாத்தான் சுத்துவோம். செவுத்துல ஏறிட்டா நமக்கு இடது பக்கம் தரை, வலது பக்கம் வானம். ஹேண்டிலை இடது பக்கம் லேசாத் தட்டினா கீழ இறங்கும். வலது பக்கம் தட்டினா மேல ஏறும். இன்னும் கொஞ்சம் தட்டினா விளிம்பைத் தாண்டி ஜனங்க மேல போய் விழும். கூட்டத்துல கைக்குழந்தை எல்லாம் இருக்கும் சார். அதனால வலது பக்கம்னா சாவுன்னு உடம்புக்குள்ள ஏறிப்போச்சு. புத்திக்குத் தெரியுது, இது வெறும் மண்ணு, சுண்ணாம்புல போட்ட கோடு, விழுந்தா முட்டி தேயும், அவ்வளவுதான்னு. கைக்குத் தெரியல. போன வாட்டி இன்ஸ்பெக்டர் சிரிச்சுட்டார். "என்னய்யா, பாதி எட்டு போட்டுட்டு நிக்கிற, மீதியை யார் போடறது?"ன்னு கேட்டார். நான் யாருன்னு அவர்கிட்ட சொல்லல. சொன்னா நம்ப மாட்டார், நம்பினா அதைவிட அசிங்கம்.

மணி என்ன சார்? இருபதா?

தப்பா நினைச்சுக்காதீங்க, சொல்லிடறேன். அந்த வேப்ப மரத்துக்குப் பின்னால பச்சை ஷட்டர் தெரியுதா? கடை. சரக்குக் கடை. பன்னெண்டு மணிக்குத் திறப்பாங்க. நான் குடியை விட்டு பதினாலு மாசம் ஆச்சு. அதுக்குள்ள என் நம்பரைக் கூப்பிட்டுட்டா நல்லது. இல்லன்னா நீங்க கொஞ்சம் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. இல்ல, நானே பேசறேன், நீங்க கேட்டா போதும்.

கிணத்துல நாங்க சும்மா ஏற மாட்டோம். ஒரு முறை இருக்கு. முதல்ல சூடம் காட்டுவாங்க. அப்புறம் முன் சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம். அப்புறம் முதலாளி கையால ஒரு டம்ளர் சரக்கு. அதைத் தீர்த்தம்னுதான் சொல்லுவார். முதல் நாள் நான் ஏறும்போது எனக்கு இருபத்தஞ்சு வயசு. பாதி செவுத்துல பயத்துல கால்சட்டையிலயே போயிட்டேன் சார். இறங்கி அழுதேன், ஊருக்கு அனுப்பி விடுங்கன்னு கால்ல விழுந்தேன். முதலாளி திட்டல. ஒரு டம்ளரைக் குடுத்தார், "குடிச்சுட்டு ஏறு, பயத்தை நான் பார்த்துக்கறேன்"ன்னார். குடிச்சேன். ஏறினேன். பயம் எங்க போச்சுன்னே தெரியல. அப்படியே காணாமப் போச்சு. பதினெட்டு வருஷம் அது திரும்பி வரவே இல்ல.

ஜனங்க என்னை தைரியசாலின்னாங்க. எனக்குப் பொண்ணைக் குடுத்ததே அதுக்குத்தான். "செவுத்துல ஓட்டறவர், பயப்படாதவர்"னு மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார். அவ மூணு வருஷம் இருந்தா. காலையில ஒரு டம்ளர், ஷோவுக்கு ஷோ ஒரு டம்ளர்னு ஆனதும் போயிட்டா. எனக்கு அவ மேல கோபம் இல்ல. குடும்பம் நடத்தற பொறுமை அவளுக்கு இல்ல, அவ்வளவுதான்.

பாருங்க, உங்க பொண்ணைக் கூப்பிடறாங்க. போம்மா, போ. நல்லாப் போடு. சார், நீங்க எந்திரிக்காதீங்க, அது பார்த்துக்கும்.

அடேயப்பா. வலது பக்கம் எப்படிச் சாயுது பாருங்க! ஒண்ணுமே நினைக்காம சாயுது. காலே ஊணல. பாஸ் சார், பாஸ். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிட்டார். போட்டோ எடுக்க உள்ள போகச் சொல்லுவாங்க, அதுக்கு எப்படியும் அரை மணி நேரம் ஆகும். அது வரைக்கும் இங்கதானே இருப்பீங்க?

இருங்க சார்.

எனக்கு இந்த லைசென்ஸ் எதுக்குன்னா, வேலைக்கு. பெலவேந்திரன்னு ஒருத்தன். கிணத்துல எனக்கு ஜோடி. அவன் கீழ சுத்துவான், நான் மேல சுத்துவேன். பதிமூணு வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டோம். இப்ப அவன் மாவு மில்லு வச்சிருக்கான், இட்லி மாவு ஆட்டி பாக்கெட் போட்டு கடைக்குக் குடுக்கறான். அவனால வண்டி ஓட்ட முடியாது. இடுப்புல கம்பி, இடது கால் மடங்காது, கையில ஊன்றுகோல். அதனால காலையிலயும் சாயங்காலமும் நாப்பது கடைக்கு மாவு போட என்னைக் கூப்பிட்டிருக்கான். அவன் பொண்டாட்டி ஜெயசீலி கண்டிப்பாச் சொல்லிட்டா. "அண்ணே, லைசென்ஸ் இல்லாம வண்டியில கை வைக்காதீங்க. இவருக்கு ஆனது போதும், உங்களுக்கு ஒண்ணுன்னா இவர் தாங்க மாட்டார்"னு. அவளும் நல்லவ. ரெண்டு பேரும் நல்லவங்க. அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.

அவன்தான் இன்னிக்குக் கூட வந்திருக்கான். கவுண்டர்ல ஆதார் ஜெராக்ஸ் கேட்டாங்க, எடுத்துட்டு வர்றேன்னு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருக்கான். நான் போறேன்டான்னு சொன்னேன், கேக்கல. சரக்குக் கடை அந்தப் பக்கம் இருக்குல்ல, என்னை அனுப்ப மாட்டான். அந்தக் காலை வச்சுக்கிட்டு அவன் ரோட்டைத் தாண்டறான்.

எப்படி ஆச்சா? விபத்து சார். கரூர் பக்கம் ஒரு கோயில் திருவிழா. ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் நாலு மணி ஷோ. வேடிக்கை பார்க்க நல்ல கூட்டம். நான் மேல, அவன் கீழ. மேல ஒரு பலகை ஆடிடுச்சு. போல்ட்டு சரியா முடுக்கல. என் சக்கரம் சறுக்கி நேரா அவன் மேல இறங்கிட்டேன். எனக்கு தோள்பட்டையில அடி, அவனுக்கு இடுப்பு போச்சு. கலியமூர்த்தின்னு ஒரு ஆள், அவன்தான் ஒவ்வொரு ஊர்லயும் பலகையைக் கோத்து போல்ட்டு முடுக்கறவன். முதலாளி அன்னிக்கே அவனை அடிச்சு விரட்டிட்டார். வேற எந்தக் கிணத்துலயும் அவனைச் சேர்த்துக்கல. பாவம்தான். அதுக்கு நாம என்ன பண்றது?

அப்புறம் ரெண்டு வருஷம் நான் மனுஷனாவே இல்ல. வேற கம்பெனியில ஏத்தினாங்க. ஏறினா, கீழ அவன் சுத்தற மாதிரியே இருக்கும். ஒரு டம்ளர் பத்தல, ரெண்டு, மூணு. அப்புறம் ஏறவே முடியல, தள்ளி விட்டுட்டாங்க. திருச்சி பஸ் ஸ்டாண்டுல கிடந்தேன். சட்டையில வாந்தி, கால்ல செருப்பு இல்ல. ஒரு நாள் காலையில கண்ணைத் தொறந்தா எதிர்ல ஒரு ஊன்றுகோல் தெரியுது. பெலவேந்திரன். மூணு நாளா பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டா தேடியிருக்கான். யாரோ சொன்னாங்களாம், ராக்கெட் ரத்தினத்தை இங்க பார்த்தோம்னு. டீ வாங்கிக் குடுத்தான். என் கை நடுங்கி டீ எல்லாம் கொட்டுது, அவனே டம்ளரைப் பிடிச்சு வாயில வச்சான். அப்படியே ஒரு மறுவாழ்வு இல்லத்துல கொண்டு போய்ச் சேர்த்துட்டான். மூணு மாசம்.

அங்கதான் சார் பயம் திரும்பி வந்துச்சு. பதினெட்டு வருஷத்துப் பயமும் மொத்தமா வந்துச்சு. மாடிப்படி இறங்கப் பயம். நாய் குரைச்சாப் பயம். குக்கர் விசில் அடிச்சா கட்டிலுக்கு அடியில போய் உக்காந்தேன். சலூன்காரன் கத்தியை எடுத்தாப் பயம். டாக்டரம்மா, "பயம் வர்றது நல்லது ரத்தினம், நீங்க இப்பத்தான் முழிச்சிருக்கீங்க"ன்னாங்க. நல்லதுன்னு அவங்களுக்குச் சொல்லத் தெரியுது. அந்தம்மா ரோட்டைத் தாண்டும்போது கை நடுங்கறது இல்லையே. எனக்கு நடுங்குது. இதோ பாருங்க. இது குடியால இல்ல சார், குடி இல்லாததால.

அந்த இல்லத்துல ஒரு பழக்கம். நம்மளால யார் யார் கஷ்டப்பட்டாங்கன்னு பேர் எழுதச் சொல்லுவாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரையா பார்த்து மன்னிப்புக் கேக்கணும். நான் பதினோரு பேர் எழுதினேன். பொண்டாட்டி, மாமனார், மணப்பாறை பஸ்ல நான் மேல வாந்தி எடுத்த கண்டக்டர், கடன் சொல்லிட்டு ஓடின புரோட்டாக் கடைக்காரர், எல்லாரும் இருந்தாங்க. கண்டக்டரைத் தேடிப் பிடிச்சு கால்ல விழுந்தேன் சார், அவர் பயந்து பஸ்ஸுல ஏறிட்டார். பட்டியலைப் பார்த்துட்டு டாக்டரம்மா கேட்டாங்க, "பெலவேந்திரன் பேர் இல்லையே"ன்னு. அது விபத்தும்மா, அதை எதுக்கு இதுல எழுதணும்னு சொன்னேன். அவங்க பேனாவை மூடி வச்சுட்டாங்க.

நான் பொய் சொல்றவன் இல்ல சார். குடிச்ச நாள்லயும் குடிச்சேன்னுதான் சொல்லியிருக்கேன்.

மணி? நாப்பதா? முப்பத்துமூணாம் நம்பர் விழுந்துட்டான் பாருங்க. பாவம். ரெண்டு பேர் இருக்காங்க எனக்கு முன்னால.

பெலவேந்திரன் எனக்கு இந்த எட்டை எப்படிக் கத்துக் குடுத்தான்னு சொல்றேன். மில்லுக்குப் பின்னால காலி மனை. அதுல ஜெயசீலி கோலமாவுல எட்டு போட்டுக் குடுத்தா. கோலம் போடறவ கை, அச்சு மாதிரி இருந்துச்சு. இடது வட்டத்தை ஓட்டினேன். வலது வட்டத்துக்கு வந்ததும் நின்னுட்டேன். பெலவேந்திரன் என்ன பண்ணினான், ஊன்றுகோலை வச்சுக்கிட்டு நொண்டி நொண்டிப் போய் வலது வட்டத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டான். "வலது பக்கம் வேற ஒண்ணும் இல்லடா, நான்தான் நிக்கறேன். என்னைப் பார்த்துச் சாய்"ன்னான்.

அவனைப் பார்த்து எப்படி சார் சாய்வேன்?

அன்னிக்கு அவன் மேல போய் விழுந்தவன் நான். அவன் கையை விரிச்சுக்கிட்டு நிக்கறான், சிரிக்கறான், வா வான்னு கூப்பிடறான். தினம் காலையில இதே கூத்து. ரெண்டு மாசம். ஒரு நாள்கூட அந்த வட்டத்தை முடிக்கல. வேற ஆள் நின்னா முடிச்சிருப்பேனோ என்னமோ.

போன வாட்டி பெயில் ஆனப்ப நேரா அந்தக் கடை வாசலுக்குப் போயிட்டேன். ஷட்டர் இன்னும் திறக்கல. நின்னேன். கொஞ்ச நேரத்துல பக்கத்துல வந்து அவனும் நின்னான். அவன் கால் வலிக்கும், ரொம்ப நேரம் நிக்க முடியாது, எனக்குத் தெரியும். அவன் நிக்கிறதைப் பார்க்க முடியாமத்தான் திரும்பி வந்தேன். மனக் கட்டுப்பாடு அது இதுன்னு சொல்றாங்க, எனக்கு அதெல்லாம் இல்ல சார்.

ஆனா அன்னிக்கு இல்லாத பயம் இன்னிக்கு இருக்கு. இந்தப் பயம் எட்டாலயும் இல்ல, கடையாலயும் இல்ல. இன்னிக்குக் காலையில பஸ்ல வரும்போது அவன் ஒண்ணு சொன்னான்.

போன வாரம் அவன் திருப்பூர் போயிருக்கான், எங்ககிட்ட மெஷினுக்குக் கல்லு வாங்கப் போறேன்னு சொல்லிட்டு. கல்லு வாங்க இல்ல. கலியமூர்த்தியைப் பார்க்க. யார் யார்கிட்டயோ விசாரிச்சு அட்ரஸ் வாங்கியிருக்கான். கலியமூர்த்தி அங்க கட்டடத்துல சென்ட்ரிங் வேலையில எடுபிடியா இருக்கானாம். இவன் போய், "உன் மேல எனக்குக் கோபம் எதுவும் இல்ல கலியமூர்த்தி, நான் நல்லா இருக்கேன், மன்னிச்சுட்டேன், நீ நிம்மதியா இரு"ன்னு சொல்லியிருக்கான். அதுக்கு அவன் என்ன பண்ணினான் தெரியுமா? இவன் காலைக் கட்டிக்கிட்டு அழுதானாம். "அண்ணே, நான் முடுக்கினேன்னுதான் நினைச்சேன், தினம் நினைச்சுப் பார்க்கறேன், எந்தப் போல்ட்டை விட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் வரலண்ணே"ன்னு. அதுல இருந்து உசரத்துல ஏறி எதையும் முடுக்க மாட்டானாம். கீழ நின்னு ஜல்லி அள்ளிப் போடற வேலை மட்டும்தான் செய்வானாம். மேல வேலை பார்த்தா ரெண்டு மடங்கு கூலி. பயம்மா இருக்குண்ணேன்னு சொன்னானாம்.

பெலவேந்திரன் சந்தோஷமாத்தான் சொன்னான். "மனசுல இருந்து ஒரு பாரம் இறங்கிச்சுடா"ன்னான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். நான் தூங்கறேன்னு நினைச்சு அவன் என் தோள்ல துண்டைப் போர்த்திவிட்டான்.

சார், நீங்க யாரு, எந்த ஊரு, எனக்குத் தெரியாது. அதனால உங்ககிட்ட சொல்றேன்.

கிணத்துல ஒரு சட்டம் இருக்கு. உள்ள சத்தம் காதைக் கிழிக்கும், சைலன்சர் கிடையாது. கத்தினாலும் கேக்காது. அதனால கையாலதான் பேசுவோம். கீழ சுத்தறவன் முதல்ல இறங்கணும். இறங்கி, வண்டியை நிறுத்தி, தரையில காலை ஊணி, இடது கையைத் தூக்கிக் காட்டணும். அதுக்கப்புறம்தான் மேல சுத்தறவன் ஹேண்டிலை இடது பக்கம் தட்டலாம். கை தூக்கற வரைக்கும் உசிரே போனாலும் இறங்கக் கூடாது. இதுல யாரும் தப்பு பண்ண மாட்டோம். புதுசா வந்தவன்கூடப் பண்ண மாட்டான்.

அன்னிக்கு மூணாவது ஷோ. முன்னால ரெண்டு ஷோவுக்கும் குடிச்சிருந்தேன். மூணாவதுக்கு முதலாளி குடுத்த டம்ளர் சின்னது, எனக்கு ஏறல. கீழ என் டிரங்குப் பெட்டிக்குள்ள ஒரு பாட்டில் வச்சிருந்தேன், பாதி இருந்துச்சு. மேல சுத்தும்போது நெஞ்சுக்குள்ள லேசா என்னமோ அசைஞ்சுச்சு. பயம்தான். முதல் நாள் வந்த அதே பயம். எட்டிப் பார்க்குது. அது முழுசா வர்றதுக்குள்ள இறங்கிடணும், அந்தப் பாட்டிலைத் தொட்டுடணும், அவ்வளவுதான் தோணுச்சு. கீழ பார்த்தேன். பெலவேந்திரன் இன்னும் செவுத்துல சுத்திக்கிட்டு இருக்கான். கை தூக்கல.

தூக்கலைங்கறதைப் பார்த்தேன் சார். பார்த்துட்டுத்தான் இறங்கினேன்.

எல்லாரும் ஓடி வந்தாங்க. முதலாளி என்னடா ஆச்சுன்னு என் சட்டையைப் பிடிச்சு உலுக்கினார். பலகை ஆடுச்சுன்னு வாயில வந்துச்சு. வாய்ல வந்ததுதான், யோசிச்சுச் சொல்லல. அதுக்குள்ள கலியமூர்த்தியை அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. இல்ல இல்லன்னு சொல்லியிருக்கலாம். என் தோள்ல ரத்தம் வருது, யாரோ எனக்கு ஒரு டம்ளர் குடுத்தாங்க. குடிச்சேன். அப்புறம் சொல்லத் தோணல.

அப்புறம் எப்பவுமே சொல்லல.

இப்ப சொன்னா என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க. வேலை போகும், அது போகட்டும். அவன் முகம் எப்படி ஆகும்னு நினைச்சாத்தான்... திருச்சி பஸ் ஸ்டாண்டுல என் வாயில டீயை வச்சவன் சார் அவன். ஜெயசீலி அண்ணேன்னு கூப்பிடறா. அந்த வீட்டை விட்டா எனக்கு நடந்து போறதுக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கு, அது அந்த மரத்துக்குப் பின்னால இருக்கு. சொல்லலைன்னா? சொல்லலைன்னா ஒருத்தன் திருப்பூர்ல தினம் ராத்திரி போல்ட்டை எண்ணிக்கிட்டுக் கிடப்பான். நான் மாவு போட்டுக்கிட்டு நல்லா இருப்பேன். டாக்டரம்மாகிட்ட போன்ல கேட்டா சொல்லுன்னுதான் சொல்லுவாங்க. அதனாலதான் கேக்கல.

எனக்கு ரொம்பப் பயமா இருக்கு சார். செவுத்துல முதல் நாள் ஏறினப்பகூட இவ்வளவு பயப்படல.

அந்தா வர்றான். கேட் பக்கத்துல, வெள்ளைச் சட்டை. கையில ஜெராக்ஸும் மோர் பாக்கெட்டும் வச்சிருக்கான். எனக்கு வயிறு சரியில்லன்னு சொன்னேன்ல, அதுக்கு மோர். அவன் இங்க வந்து சேர ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். மெதுவாத்தான் வருவான்.

கேட்டுச்சா? ஷட்டர் சத்தம். பன்னெண்டு ஆயிடுச்சு போல. உங்களுக்குக் கேக்கலையா? ஆமா, என் காதுக்கு மட்டும்தான் அது கேக்கும்.

உங்க பொண்ணு வந்துடுச்சு. வாம்மா, நல்லாப் போட்டே. அப்பாவைக் கொஞ்ச நேரம் என்கூட விட்டுட்டுப் போறியா? அந்த நிழல்ல நில்லும்மா, அஞ்சே நிமிஷம். சார், போயிடாதீங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா உக்காந்திருங்க. யாராவது ஒருத்தர் பக்கத்துல இருந்தா ஓட மாட்டேன்.

முப்பத்தாறுன்னு கூப்பிடறாங்க. ஆமா, நான்தான். மூணு தடவை கூப்பிடுவாங்க, போகலைன்னா இன்னொரு நாள் வரச் சொல்லிடுவாங்க. கூப்பிடட்டும்.

வா பெலவேந்திரா. சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அவனுக்குக் கால் மடங்காது, நீட்டிக்கணும். உக்காருடா. ஆமா, கேட்டுச்சு, என் நம்பர்தான். இல்லடா, கடைக்குப் போகல, இவரைக் கேளு, இங்கயேதான் இருந்தேன். மோர் அப்புறம் குடிக்கறேன். நடுங்கட்டும் விடு, கையைப் பிடிக்காத. நீ கையைப் பிடிச்சா என்னால சொல்ல முடியாது.

உன் போன்ல கலியமூர்த்தி நம்பர் இருக்கா? இருந்தா போடு. இப்பவே போடு. நான் பேசணும். ஸ்பீக்கர்ல போடுடா, நீயும் அவனும் சேர்ந்தே கேளுங்க.